180 கிராம்

மே மாதத்தின் நடுவில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூஜெர்சிக்கும் டெலவர் மாநிலத்துக்கும் இடையே உள்ள டெலவர் விரிகுடாவின் மணலில், தெற்கிலிருந்து களைத்துப்போன ஒரு பறவை வந்து இறங்குகிறது. ரெட் நாட் என்று பெயர். நம் உப்பளங்களில் மேயும் உள்ளான்களுக்கு உறவு. வசந்தத்தில் அதன் முகமும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். தென் அமெரிக்காவின் தென்கோடியான தியரா டெல் ஃபுயேகோவிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குக் குஞ்சு பொரிக்கப் போகிற வழி அது. ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய 15,000 கி.மீ. வயிறார இரை எடுக்க வழியில் கடைசியாகக் கிடைக்கும் பெரிய இடம் இந்த விரிகுடாதான். வந்து இறங்கும்போது எடை 120 கிராம் பக்கம் இருக்கும். மெலிந்துபோனவை அதற்கும் கீழே. மே முடிவதற்குள், அதாவது இரண்டே வாரத்தில், அது 180 கிராமைத் தொட்டாக வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பதினைந்து நாளில் 90 கிலோ ஆவதற்குச் சமம் இது. தொட்ட பறவைகள் பின்வரும் ஆண்டுகளில் உயிரோடு திரும்பும் வாய்ப்பு அதிகம். தொடாதவை மறுபடி கண்ணில் படுவது குறைவு. இந்த 180 என்ற எண்ணை எந்தத் தொலைநோக்கியும் காட்டவில்லை, எந்தச் செயற்கைக்கோளும் அனுப்பவில்லை. வசந்தந்தோறும் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்கவிட்டு, அதே பறவை மறுபடி வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் கண்டது அது. வலசை ஆராய்ச்சி என்றால் உலக வரைபடத்தில் ஓடும் கோடுதான் இன்று நம் நினைவுக்கு வருகிறது. பறவை எங்கே போகிறது என்று அந்தக் கோடு சொல்லும். அது ஏன் குறைகிறது என்று அறிய இன்றைக்கும் வளையமும் தராசும்தான் வேண்டும் என்பது என் வாதம்.

வளையம் கொண்டுவந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு இருந்த நிலையைப் பார்க்க வேண்டும். 1822-ல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்ற ஊரருகே ஒரு வெண்நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க மரத்தால் செய்த நீண்ட ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது. குளிர்காலத்தில் பறவைகள் சேற்றுக்குள் புதைந்து உறங்குகின்றன என்று அதுவரை நம்பியவர்களுக்கு, அந்த ஈட்டி மறுக்க முடியாத பதிலாக அமைந்தது. பாடம் செய்யப்பட்ட அந்த நாரை ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் அது தற்செயல். ஈட்டி குத்திய நாரைக்காக அறிவியல் காத்திருக்க முடியாது. 1899-ல் டென்மார்க்கின் வீபோர்க் நகரில் ஹன்ஸ் மார்ட்டென்சென் என்ற பள்ளி ஆசிரியர் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு துத்தநாகத்தில் செய்து பார்த்து, அது கனமாக இருந்ததால் கைவிட்டிருந்தார். இரண்டே ஆண்டு கழித்து, 1901-ல், பால்டிக் கடலோரத்தில் ரோஸிட்டன் என்ற மணல்திட்டுக் கிராமத்தில் யோகன்னஸ் தீனமான் ஒரு பறவை ஆய்வு நிலையத்தையே தொடங்கிவிட்டார். மார்ட்டென்செனின் வளையத்தில் அலுமினியத்தைவிட முக்கியமானது அதிலிருந்த எண். அதற்கு முன்பு 'ஸ்டார்லிங்குகள் வந்தன, ஸ்டார்லிங்குகள் போயின' என்றுதான் எழுத முடியும். எண் வந்தபிறகு, 'இந்த ஸ்டார்லிங்' என்று எழுத முடிந்தது. இந்தப் பறவைக்கு என்ன வயது, போன ஆண்டு என்ன எடை, எத்தனை முறை இதே கரைக்குத் திரும்பியது என்று கேட்க முடிந்தது. பிறப்பும் இறப்பும் தனித்தனி உயிர்களுக்கு நேர்பவை. கூட்டத்தைப் பார்த்து அவற்றைக் கணக்கிட வழியில்லை.

டெலவர் விரிகுடாவுக்குத் திரும்புவோம். எடை கூடுவதற்கு அது ஏன் இவ்வளவு முக்கியமான இடம் என்பதற்கு விடை பறவையின் வயிற்றுக்குள் இருக்கிறது. ரெட் நாட் ஆண்டின் பெரும்பகுதி சிறு சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி, இரைப்பையின் தசையால் நொறுக்கித் தின்னும். நெடும்பயணத்துக்கு முன்னால் அந்த இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது பயன்படாத உறுப்பைச் சுமப்பது வீண் என்பதுபோல் உடல் அதைக் குறைத்து, மார்புத் தசையையும் இதயத்தையும் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே விரிகுடாவில் இறங்கும் பறவைக்குப் பசி உண்டு, நொறுக்கும் வலிமை இல்லை. மெத்தென்ற, கொழுப்பு நிறைந்த, உடனே செரிக்கும் தீனி வேண்டும். அந்த நேரத்தில்தான் குதிரைலாட நண்டுகள் கரையேறுகின்றன. ஏறக்குறைய 45 கோடி ஆண்டுப் பரம்பரை கொண்ட இந்த உயிர், மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோத இரவுகளில் ஆயிரக்கணக்கில் மணலுக்கு வருகிறது. ஒரு பெண் நண்டு ஒரு குழியில் சுமார் 4,000 முட்டைகளை இடும். பருவம் முழுதுமாகச் சேர்த்தால் 80,000 வரை. ஒவ்வொன்றும் கடுகு அளவு, பச்சை நிறம்.

ஆனால் முட்டை இருப்பது 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில். ரெட் நாட்டின் அலகோ 4 செ.மீ.கூட இல்லை. அப்படியானால் முட்டை அதற்கு எப்படிக் கிடைக்கிறது? ஒரு நண்டு இட்டுவிட்டுப் போன இடத்திலேயே அடுத்த இரவு இன்னொரு நண்டு தோண்டும்போது, பழைய குழி கலைந்து முட்டைகள் மேலே வருகின்றன. அலை அவற்றைக் கரையோரக் கோடாகச் சேர்த்துவைக்கிறது. பறவை தின்பது இப்படி மிஞ்சி வெளிவந்த முட்டையைத்தான். எனவே நண்டு பாதியாகக் குறைந்தால் பறவையின் தீனி பாதியாகக் குறையும் என்று நினைத்தால் தவறு. நண்டுகள் நெருக்கமாக வந்து ஒன்றன் குழியை ஒன்று கிளறினால்தான் மேலே ஏதாவது மிஞ்சும். நெருக்கம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், நண்டு இனம் தன்னளவில் பிழைத்திருக்கும், பறவைக்கு ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. மீன்வளக் கணக்கில் 'இந்த அளவு பிடித்தால் இனம் அழியாது' என்று ஓர் எல்லை போடுவார்கள். இந்தக் கரையில் அந்த எல்லை போதவில்லை. நண்டு பிழைக்கத் தேவையான அளவு வேறு, நண்டை நம்பிவரும் பறவை பிழைக்கத் தேவையான அளவு வேறு.

1990களில் விலாங்கு மீனையும் பெரிய கடல்நத்தையையும் பிடிக்கும் பொறிகளுக்கு இரையாக இந்த நண்டுகளை அள்ளத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அட்லாண்டிக் கரை முழுதும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பிடிக்கப்பட்டன. இந்த நண்டு முட்டையிடும் வயதை எட்ட ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1997 முதல் விரிகுடாவில் பன்னாட்டுக் குழு ஒன்று வசந்தந்தோறும் ரெட் நாட்டுகளைப் பிடித்து எடைபார்த்து வளையமிட்டு வந்தது. ஆலன் பேக்கரும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு வந்தது: வளர்ந்த பறவைகளில் ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குப் பிழைப்பவை 1990களின் நடுவில் சுமார் 85 சதவீதம், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 56 சதவீதம். அதே சமயம் தியரா டெல் ஃபுயேகோவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டம் 2000-க்கும் 2002-க்கும் நடுவில் 51,000-லிருந்து 27,000 ஆகச் சரிந்தது. மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் பறவைக்கு 56 என்பது பயங்கரமான எண். நூறு பறவை மூன்றே ஆண்டில் இருபதுக்கும் கீழே வந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்குக் குஞ்சுகள் பிறப்பதில்லை.

இங்கே முதல் எதிர்ப்பு எழும், அது நியாயமானதும்கூட. 15,000 கி.மீ. பறக்கும் பறவைக்கு ஆபத்து எங்கேயும் வரலாமே. ஒரு விரிகுடாவின் மேல் மட்டும் பழியைப் போடுவது ஏன்? ஆர்க்டிக் வெப்பமாகிறது, தென் அமெரிக்காவின் தெற்கே படகோனியாவில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன, இடையில் வேட்டையும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. குறைந்தது என்று தெரியும், எங்கே குறைந்தது என்று தெரியாது. வளையம் இங்கேதான் தன் உழைப்பைக் காட்டுகிறது. ஒரே விரிகுடாவில், ஒரே வாரத்தில், ஒரே வானிலையில் எடை கூடிய பறவையும் கூடாத பறவையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்புகின்றன. ஆர்க்டிக்கில் இரண்டுக்கும் ஒரே கோடை, படகோனியாவில் ஒரே குளிர்காலம். திரும்பிவருவதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசத்தின் வேரை எடை கூட வேண்டிய இடத்தில்தான் தேட வேண்டும்.

இன்னொரு கடற்கரையும் இதே முறையால் பேசியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் புரூம் நகரை ஒட்டிய கரையில் பெரிய நாட், ரெட் நாட், பட்டைவால் மூக்கன் ஆகிய மூன்றுக்கும் நிறக்கொடி மாட்டி, ஆண்டு முழுதும் தேடிப் பார்த்தார்கள். கொடி என்பது எழுத்துப் பொறித்த சிறு பிளாஸ்டிக் பட்டை. டெலஸ்கோப்பில் தூரத்திலிருந்தே படிக்கலாம், மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. தெயுனிஸ் பியர்ஸ்மாவும் குழுவினரும் 2016-ல் வெளியிட்ட முடிவு இது: ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாதங்களில் இந்தப் பறவைகள் எப்போதும்போல் பிழைத்தன, அங்கிருந்து கிளம்பித் திரும்பும் மாதங்களில் சாவு கூடியிருந்தது. மூன்றும் முட்டையிடும் இடங்கள் வேறு வேறு. மூன்றுக்கும் பொதுவாக வழியில் இருப்பது சீனா, கொரியாவுக்கு நடுவே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகள். அங்கேதான் தென்கொரியா 33 கி.மீ. நீளமுள்ள சேமங்கம் கடற்சுவரை 2006 ஏப்ரலில் மூடியிருந்தது. சீனக் கரையிலும் சேற்றுவெளிகள் வேகமாக மண் கொட்டித் தூர்க்கப்பட்டன. ஆண்டைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் பறவை சாகிறது என்று காட்ட வல்லது எண்ணிட்ட காலைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆர்க்டிக்கையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அதற்கான ஆதாரமும் கடற்கரை வளையமிடலில் இருந்தே வந்திருக்கிறது. ரெட் நாட்டின் மற்றொரு கிளையினம் சைபீரியாவில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவுக்குப் போகிறது. வழியில் போலந்தின் க்டான்ஸ்க் விரிகுடாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இளம்பறவைகளைப் பிடித்து அளந்திருக்கிறார்கள். ஆர்க்டிக்கில் பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்தவை உடல் சிறுத்தும் அலகு குட்டையாகவும் இருந்தன. பனி முன்கூட்டி உருகினால் பூச்சிகளும் முன்கூட்டிப் பெருகி ஓய்ந்துவிடுகின்றன, குஞ்சு பொரிக்கும்போது தீனி தீர்ந்திருக்கிறது. அலகு குட்டையான பறவைக்கு மொரிட்டானியாவின் சேற்றில் ஆழத்தில் இருக்கும் சிப்பி எட்டவில்லை. கடற்புல் வேரைத் தின்று ஒப்பேற்றுகிறது, அதிகம் சாகிறது. யான் வான் கில்ஸின் குழு இதையும் 2016-ல் வெளியிட்டது. இப்படி ஒரு முடிவுக்கு வர முப்பது ஆண்டு அளவுகோல் தேவைப்பட்டது. முதல் பத்தாண்டில் அளந்தவர்களுக்கு இது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்காது. அப்படியும் அளந்தார்களே என்பதில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

எண்ணிக்கைக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசம் 2021-ல் ஒரே விரிகுடாவில் நேருக்கு நேராகத் தெரிந்தது. அந்த வசந்தத்தில் டெலவரில் ஒரே நாளில் கண்ட அதிகபட்ச ரெட் நாட்டுகள் 7,000-க்கும் குறைவு. 1980களின் உச்சம் 90,000-க்கும் மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் கொடிகளை வைத்துப் போட்ட கணக்கு, அந்தப் பருவத்தில் விரிகுடா வழியாக மொத்தம் 40,000-ஐ ஒட்டிய பறவைகள் கடந்துபோனதாகச் சொன்னது. எப்படி? பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்பவர்களை எண்ணினால் அன்று ஊருக்குப் போனவர்கள் எத்தனை என்று தெரியாது. ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். கொடி போட்ட பறவை எந்த நாளில் முதலில் தென்பட்டது, எந்த நாளோடு காணாமல் போனது என்று பார்த்தால் தங்கும் காலம் கிடைக்கும். கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை கொடி போட்டவை என்று எண்ணினால் கொடி போடாதவற்றின் பங்கு கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் கடந்துபோன மொத்தம். இது ஆறுதல் என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தாண்டுகளாக ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது என்றால், பழைய உயரத்துக்கு ஏறவில்லை என்றும்தானே பொருள். வந்த பறவை தங்காமல் போகிறது என்பதே தீனியைப் பற்றிய ஒரு சேதியாக இருக்கலாம். ஆனால் 7,000 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்தைத் தொடங்கவே முடியாது.

சரி, காலம் மாறிவிட்டதே, முதுகில் ஒரு சிறு கருவியைக் கட்டிவிட்டால் செயற்கைக்கோளே எல்லாம் சொல்லிவிடாதா என்ற கேள்வி அடுத்தது. கருவிகள் சொன்னவை வியப்பானவைதாம், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2022 அக்டோபரில் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்குமே இறங்காமல் பறந்து முடித்தது. வளையத்தால் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் கருவியின் எடை பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கு அது முக்கால் கிராம். விலையும் அதிகம் என்பதால் ஒரு திட்டத்தில் சில பத்துப் பறவைகளுக்குத்தான் கட்ட முடியும். பிழைப்பு விகிதம் கணக்கிட ஆயிரக்கணக்கில் வேண்டும். சமிக்ஞை நின்றுவிட்டால் பறவை செத்ததா, கருவி செத்ததா என்பதே பல சமயம் தெரியாது. வெளிச்சத்தின் நேரத்தைப் பதிந்து இருப்பிடம் சொல்லும் மிகச் சிறு பதிவான்கள் காலிலேயே கட்டக்கூடியவை. ஒரு ரெட் நாட் ஆறு நாளில் ஏறக்குறைய 8,000 கி.மீ. பறந்ததை அவைதாம் காட்டின. அந்தப் பதிவானைப் படிக்க அதே பறவையை மறுபடி கையில் பிடித்தாக வேண்டும். அதாவது கருவியின் வெற்றியும் வளையமிடுபவரின் கையில்தான் இருக்கிறது. தவிர, எந்தச் செயற்கைக்கோளும் பறவையை நிறுத்தி எடை சொல்வதில்லை.

பறவைக்கு இது துன்பமில்லையா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை ஆகப் பெரிய எதிர்ப்பு. துன்பம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பசியோடு வந்த பறவையின் மேயும் நேரத்தில் ஓரிரு மணி பறிபோகிறது. மிக அரிதாக உயிரும் போகிறது. டெலவரில் மணலுக்கடியில் மறைத்த வலையைச் சிறு வெடிகளால் கூட்டத்தின் மேல் வீசுகிறார்கள். வலை விழுந்த கணமே ஓடிப்போய் அதன் மேல் துணியைப் போர்த்துவார்கள், இருட்டில் பறவை அமைதியாகும் என்பதற்காக. பிறகு நிழலில் வைத்த கூடைகள். வளையமிடுபவர் பறவையின் முதுகைத் தன் உள்ளங்கையில் பதித்து, கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே மென்மையாக வைத்துக்கொள்வார். விலாவை அழுத்த மாட்டார், அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். இடுக்கியால் வளையம் மூடப்பட்டதும் எண்ணை உரக்கப் படிப்பார், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லியே எழுதுவார். ஓர் இலக்கம் தவறினாலும் ஒரு பறவையின் வாழ்க்கை வேறொன்றின் கணக்கில் போய்ச் சேரும். கழுத்தெலும்பின் குழிவருகே இறகுகளை வாயால் ஊதி விலக்கினால், கண்ணாடிபோன்ற தோலுக்குக் கீழே கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். கிளம்பத் தயாரான பறவையில் அது குழியை நிரப்பி மேடிட்டிருக்கும். வளையமும் கொடியும் அதன் எடையில் ஒரு சிறு துளி. கடல்நீரில் அலுமினியம் அரித்துப்போவதால் இப்படிப்பட்ட பறவைகளுக்கு உறுதியான உலோகக் கலவையில் செய்கிறார்கள். இவ்வளவு கவனத்தோடு செய்தாலும், பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இல்லாமல் ஒரு பறவையைக்கூடப் பிடிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் ஆசைக்குப் பிடிப்பது கொடுமை. ஆனால் வலையை வேண்டாம் என்று சொல்பவர் இன்னொன்றையும் எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நண்டுப் பிடிப்பைக் கட்டுப்படுத்தக் கேட்டவர்களிடம் 'ஆதாரம் எங்கே' என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் மேசையில் வைத்தது இந்த எடைகளைத்தான்.

அந்த ஆதாரம் வேலையும் செய்தது. நியூஜெர்சி 2008-ல் நண்டுப் பிடிப்பையே சட்டத்தால் நிறுத்தியது. 2013 முதல், விரிகுடா நண்டுகளில் எத்தனை பிடிக்கலாம் என்பதை முடிவுசெய்யும்போது நண்டின் எண்ணிக்கையோடு ரெட் நாட்டின் எண்ணிக்கையும் கணக்கில் எடுக்கப்படுகிறது. பெண் நண்டுகளை இரைக்காகப் பிடிக்க அனுமதி தரப்படவில்லை. 2014 டிசம்பரில், விரிகுடாவுக்கு வரும் ரெட் நாட் கிளையினத்தை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அமெரிக்க அரசு அறிவித்தது. பறவைக்காக மீனவர் வயிற்றில் அடிப்பதா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரையைச் சிறு பைகளில் கட்டிப் பொறியில் தொங்கவிட்டால் பாதி நண்டே போதும் என்று கண்டதில் பிரச்சினை ஓரளவு தணிந்தது. மருந்துத் துறையின் பங்கு இன்னும் சிக்கலானது. ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்த நண்டின் நீல ரத்தம் 1970களிலிருந்து பயன்படுகிறது. ரத்தம் எடுத்துக் கடலில் விடப்படும் நண்டுகளில் ஒரு பகுதி இறந்துபோகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜீக் லிங் டிங், போ ஹோ இணை 1990களில் அந்த ரத்தத்தின் வேலையைச் செய்யும் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆனது வருத்தமானது.

நமக்கு இது எவ்வளவு பக்கம் என்பதைக் கோடியக்கரை சொல்லும். 1967-ல் சரணாலயமாகி, 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2022 வரை மாநிலத்தில் வேறு ராம்சார் தளமே இருக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது, பறவைகள் உண்ணிகள் மூலம் நோய்க்கிருமியைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதற்காக. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் பரவிய காய்ச்சல் அந்தக் கேள்வியை எழுப்பியிருந்தது. நோயைத் தேடப்போய் வலசையின் வரைபடம் கிடைத்தது. 1980களில் கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியக் களங்களில் ஒன்றானது. பறவையைக் காயமில்லாமல் பிடிக்கும் கலையைப் பீகாரின் மீர்சிகார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய கண்ணிகளும் வலைகளும் இல்லாமல் இந்திய வளையமிடலின் வரலாறே இல்லை. அறிவியல் நூல்களில் அவர்களுக்கு இன்னும் அதிக இடம் தரப்பட்டிருக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடியக்கரையிலும் வேதாரண்யத்துச் சதுப்பிலும் நடப்பது டெலவரின் மே மாதம்தான். சாம்பல் நிறமாக இருந்த உள்ளான்கள் செம்பழுப்பாக மாறுகின்றன, நாள் முழுக்க மேய்கின்றன, எடை கூடுகிறது, ஒரு மாலையில் கூட்டமாகக் கிளம்பி வடக்கே சைபீரியத் துந்திரத்தை நோக்கிப் போய்விடுகின்றன. முதலாண்டுப் பறவைகள் பல போவதில்லை. கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடும். நாம் சாதாரணமாக ஜனவரியில் பறவைகளை எண்ணுகிறோம், செய்தித்தாளில் லட்சக்கணக்கில் என்று போடுகிறோம். ஜனவரியில் பசியாறிய பறவை ஏப்ரலில் எடை கூடியதா என்பது வேறு கேள்வி. நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு கூடினால், உப்பளங்கள் விரிந்தால், கஜா போன்ற ஒரு புயல் வந்து போனால், முதலில் மாறுவது சேற்றிலிருக்கும் புழுவும் சிறு இறாலும். பறவை எண்ணிக்கையில் அது தெரிய ஆண்டுகள் பிடிக்கும். ஏப்ரல் தராசில் அதே பருவத்தில் தெரிந்துவிடும். இந்தியாவில் வளையமிட்ட சிறு பறவைகளில் மறுபடி கிடைத்தவை மிகச் சொற்பம், இவ்வளவு உழைப்புக்கு இதுதானா பலன் என்று கேட்பவர்கள் உண்டு. தூரத்து நாட்டில் கிடைத்தவற்றை மட்டும் பலனாக எண்ணுவதால் வரும் கேள்வி அது. அதே கரையில், அதே ஆய்வாளர் கையில், அடுத்த பருவத்தில் மறுபடி வந்து விழும் பறவைதான் பிழைப்பையும் எடையையும் சொல்கிறது. அதற்கு வேண்டியது ஆண்டு தவறாத வேலையும் அதற்கான பணமும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டிவிட்டால், அந்த மூன்றாண்டும் வீண்.

அர்ஜென்டினாவின் ரியோ கிராண்டே கரையில் 1995-ல் வளையமிடப்பட்ட ஒரு ரெட் நாட், பின்னால் பி95 என்று எழுதிய ஆரஞ்சு நிறக் கொடியைப் பெற்றது. 2014 வரை அதைக் கண்டார்கள். அப்போது வயது குறைந்தது இருபது. அதன் வாழ்நாள் பயணம் நிலவுக்குப் போய்ப் பாதிவழி திரும்பும் தூரம் என்று கணக்கிட்டார்கள். அதன் தலைமுறைப் பறவைகளில் பெரும்பாலானவை முட்டை கிடைக்காத ஆண்டுகளில் தொலைந்துபோயின, இது திரும்பத் திரும்ப வந்தது. அப்படி வந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு கரையிலும் யாரோ ஒருவர் டெலஸ்கோப்பில் மூன்று எழுத்தைப் பொறுமையாகப் படித்ததுதான். நிறம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று: அர்ஜென்டினாவுக்கு ஆரஞ்சு, சிலிக்குச் சிவப்பு, பிரேசிலுக்கு நீலம். கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ மன்னார் வளைகுடாவிலோ அடுத்த ஏப்ரலில் கொடியுள்ள ஓர் உள்ளான் கண்ணில் பட்டால், முதலில் அது நிற்கும் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். மேயும் பறவையை விரட்டினால் அது தேடிய கிராமை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வலது காலா இடது காலா, முட்டிக்கு மேலா கீழா, எத்தனை கொடி, மேலே என்ன நிறம் கீழே என்ன நிறம், உலோக வளையம் எந்தக் காலில், எழுத்து இருந்தால் அது என்ன, நாள், இடம், உடன் எத்தனை பறவை, அவற்றில் கொடி இல்லாதவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணைத்தான் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.